தேய்ந்த மனதுக்கு ஓர் ஆங்கிலச் சொல்

வேலையில் சேர்ந்த அன்று காலை நிஷிவாகி ஃபுமியே தன் மேசை இழுப்பறையைத் திறந்தபோது, அதில் நான்கு பேருடைய பெயர் முத்திரைகள் கிடந்தன. கட்டைவிரல் நீளத்தில் நான்கு மரக்கட்டைகள், நான்கு குடும்பப் பெயர்கள், காய்ந்து கறுத்துப்போன சிவப்பு மை. செருப்பை மறந்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. சொந்த முத்திரையை விட்டுவிட்டு யாராவது போவார்களா? அவள் இழுப்பறையை மூடி, மறுபடியும் திறந்து பார்த்தாள். நான்குதான்.

"உங்களுக்கு முன்னாடி இருந்த மொழிபெயர்ப்பாளர்களோடது," என்றார் செயலர் அகுட்ஸு. நாற்பது வயது இருக்கும். எதைச் சொன்னாலும் லேசாகக் குனிந்துகொண்டே சொல்வார். அதனால் அவர் முகத்தைவிட உச்சந்தலையைத்தான் ஆணையத்தில் பலருக்கு அடையாளம் தெரியும்.

"விட்டுட்டுப் போயிட்டாங்களா?"

"ஓய்வுல இருக்காங்க."

"நாலு பேருமா?"

"மலைப்பக்கம் நம்ம ஆணையத்துக்கே ஒரு ஓய்வில்லம் இருக்கு, நிஷிவாகி சான். நல்ல காத்து. ஊழியர் நலத்துல நாங்க ஒரு குறையும் வைக்கிறதில்ல."

ஃபுமியேவுக்கு நாற்பத்தாறு வயது. பதினேழு வருடம் சைத்தாமா பக்கம் நீதிமன்றங்களில் ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பாளராக நின்றவள். திருடன், திருட்டுக் கொடுத்தவன், இரண்டு பேருக்கும் நடுவில் நின்று இரண்டு பேரிடமும் வசவு வாங்கியவள். நின்று நின்று முழங்கால் போனபிறகு, உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று தோக்கியோவில் இருக்கிறது என்றார்கள். ஒரே ஒரு சொல்லை மொழிபெயர்க்க வேண்டும், மூன்று மாதம் என்றார்கள். ஒரு சொல்லுக்கு மூன்று மாதமா, கொழுத்துப்போய்விடுவேனே என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

மனநிலைச் சொற்கள் ஆங்கிலமாக்க ஆணையம் பதினோராவது மாடியில் இருந்தது. குற்றம் செய்தவனின் மனது எப்படி இருந்தது என்று மருத்துவர் பார்ப்பார். மனம் முழுசாக இருந்தால் முழுத் தண்டனை. மனமே இல்லை என்றால் தண்டனை கிடையாது. ஆஸ்பத்திரி. அந்த ஆஸ்பத்திரிக்கு இத்தனை நாள் என்று கணக்கு கிடையாது. இரண்டுக்கும் நடுவில், மனம் தேய்ந்தவர் என்று ஒரு வகை உண்டு. அவருக்குத் தண்டனை குறையும். வெளிநாட்டுக்காரர் மீதான மருத்துவ அறிக்கையில் இந்தச் சொல் ஆங்கிலத்திலும் இருந்தே ஆக வேண்டும், அதுவும் ஆணையம் முத்திரை குத்திய ஆங்கிலமாக இருக்க வேண்டும் என்பது விதி.

மனமற்றவர் என்பதற்கு ஆங்கிலத்தை ஆணையம் கூடிய முதல் நாளே, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட்டார்கள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தேய்ந்தவர் என்பதற்குப் பதினோரு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். காரணம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. மனமற்றவரைப் பற்றிப் பேசும்போது அறையில் எல்லோரும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். தேய்ந்தவர் என்று பேச்சு வந்ததும், தன்னைத்தான் சொல்கிறார்களோ என்று ஒவ்வொருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மேசையில் ஒரே ஒரு கோப்பு இருந்தது. எபோ குவான்சா, முப்பத்தெட்டு வயது, கானா நாட்டவர். ஊரில் பள்ளி வாத்தியார். இங்கே பெந்தோ என்கிற சாப்பாட்டுப் பெட்டி தயாரிக்கும் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு. வெள்ளைச் சோற்றுக்கு நடுவில் ஊறிய பிளம் பழம் ஒன்றை வைக்கிற வேலை. ஆள் குறைவு என்று விடுமுறையே இல்லாமல் இருபத்திரண்டு நாள் வேலை செய்திருக்கிறார். கடைசி ஐந்து நாள் கண் மூடவில்லை. இருபத்திரண்டாம் நாள், பெல்ட்டில் வருகிற ஒவ்வொரு பெட்டியும் சிவப்புக் கண்ணால் தன்னைப் பார்க்கிறது என்று சொல்லி, சோற்றுத் தட்டால் மேற்பார்வையாளரை அடித்துக் காரை எலும்பை உடைத்துவிட்டார். மேற்பார்வையாளர் தேறி எழுந்து வேலைக்கும் திரும்பிவிட்டார். மருத்துவரின் அறிக்கை தயாராகிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. மனம் தேய்ந்தவர் என்று எழுதி, ஆங்கிலச் சொல்லுக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

அந்த வெற்றிடம் நிரம்பினால் வழக்கு நடக்கும், இருந்த காவலே போதும் என்று அனுப்பிவிடுவார்கள், ஆள் ஊருக்குப் போய்விடலாம். நிரம்பும் வரை காவல்தான்.

முதல் கூட்டத்தில் ஃபுமியேவுக்குக் கதவோரம் இடம் கொடுத்தார்கள். தலைவர் ஓமுரோவுக்கு எண்பத்தொரு வயது. ஆசான் என்ற மரியாதையில் எல்லோரும் சென்செய் என்றே அழைப்பார்கள். மனநல மருத்துவத்தில் அவர் தொடாத இடமில்லை என்பார்கள். வாலிபத்தில் லண்டனில் ஒரு குளிர்காலம் இருந்தவர். அந்தக் குளிர்காலத்தை வைத்துத்தான் ஐம்பது வருடமாக ஆங்கிலத்துக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மனசு தேய்ஞ்சவன் யாருன்னு தெரியணும்னா, தேயாதவன் எப்படி இருப்பான்னு முதல்ல தெரியணும்," என்று தொடங்கினார். "அதுக்கு அளவுகோல் வேணும். வெளியில தேடினோம், சரியா அமையல. அதனால இந்த அறையில இருக்கிறவங்களையே அளவுகோலா வெச்சுக்கிட்டோம். பதினோரு வருஷமா அளவு மாறவே இல்லை."

உறுப்பினர்கள் பதினொரு பேரும் தலையாட்டினார்கள். ஃபுமியே பட்டியலில் எழுதி வந்த சொற்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். வீக் என்பது முதல் சொல்.

"கோர்ட் காகிதத்துல வீக்னு இருந்தா, யாரு வீக், கோர்ட்டான்னு கேப்பாங்க," என்றார் நீதித் தரப்பு உறுப்பினர்.

டேமேஜ்.

"டேமேஜ்னா யாரோ பண்ணினதா ஆயிடும்," என்றார் போலீஸ் தரப்பு உறுப்பினர். "யாரு பண்ணினதுன்னு அடுத்த கேள்வி வரும். எங்க காவல்ல இருக்கறப்பவான்னு அதுக்கடுத்த கேள்வி வரும். எதுக்கு?"

ஓவர்லோட்.

"வேலைங்கிற வாசனையே சொல்லுல அடிக்கக்கூடாது," என்றார் தொழில் தரப்பு உறுப்பினர். "அந்த பெந்தோ கம்பெனி ரொம்ப நல்ல கம்பெனி. எங்க கூட்டத்துக்குச் சாப்பாடு அங்கேருந்துதான் வருது."

போலீஸ் தரப்புக்காரர் பேச்சை முடித்துவைத்தார். "சொல்லுக்கு அவசரம் கூடாது. அவசரம்தான் மனசையே தேய்க்குது."

இதற்குள் தலைவர் கண் அயர்ந்திருந்தார். இருபது நிமிடம் கழித்து விழித்து, மேசையை ஒரு தட்டுத் தட்டி, "நான் ஒண்ணு சொல்றேன். சொல்லுக்கு அவசரம் கூடாது. அவசரம்தான் மனசையே தேய்க்குது," என்றார். போலீஸ் தரப்புக்காரர் எழுந்து நின்று குனிந்தார். "இந்தக் கோணத்துல நாங்க யோசிச்சதே இல்லை, சென்செய்." அகுட்ஸு அதைத் தலைவரின் கருத்தாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பதினொரு பேரும் அந்த இடத்திலேயே முத்திரை குத்தினார்கள். தலைவர் வாயிலிருந்து வந்துவிட்டால் எதுவுமே தாமதமில்லை என்பதை ஃபுமியே கவனித்தாள். அப்போது அதை ஒரு வேடிக்கையாகத்தான் நினைத்தாள்.

மறுநாள் எபோ குவான்சாவைப் பார்க்கக் காவல் விடுதிக்குப் போனாள். ஆணையத்தில் யாரும் அவரைப் பார்த்ததில்லை. ஆளைப் பார்த்தால் சொல்லின் தூய்மை கெட்டுவிடும் என்பது அவர்கள் கட்சி. துளை போட்ட கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நெடிய ஆள் ஒருவர் முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தார். பின்னால் காவலர் ஒருவர் குறிப்பெடுக்கப் பென்சிலோடு இருந்தார்.

"நீங்க புது ஆளா, மேடம்? போன வருஷம் ஒருத்தர் வந்தாரு. மூக்குக்கண்ணாடி போட்டவர். பாவம், என்னைவிட அவருக்குத்தான் தூக்கமில்லாத மாதிரி இருந்தது. நல்லா இருக்காரா?"

"ஓய்வுல இருக்காரு," என்றாள் ஃபுமியே. சொன்னபிறகு அவளுக்கே நாக்கு கசந்தது. "எனக்கு ஒண்ணு தெரியணும், குவான்சா சார். அன்னிக்கு உங்க மனசு எப்படி இருந்துச்சு? உங்க பேச்சுல சொல்லுங்க."

அவர் யோசித்தார். வகுப்பில் பையன் கேட்ட கேள்விக்குப் பதில் தேடுகிற யோசனை அது.

"எங்க ஊர்ல கரண்ட் போறதுக்கு முன்னாடி ஒண்ணு நடக்கும், மேடம். பல்பு அணையாது. மஞ்சளாகும், அப்புறம் செவப்பாகும், உள்ள கம்பி மட்டும் தெரியும். கையில புத்தகம் இருக்கும். எழுத்தும் இருக்கும். ஆனா படிக்க முடியாது. அன்னிக்கு என் தலை அப்படித்தான். இருட்டுன்னு சொல்லிட்டா பொய். வெளிச்சம்னு சொன்னாலும் பொய். டிம்மா இருந்துச்சு. அவ்வளவுதான்."

பதினோரு வருடம், பதினொரு பேர், நான்கு மொழிபெயர்ப்பாளர்கள். இந்த மனிதர் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார். ஃபுமியே காகிதத்தை இழுத்துவைத்து அதை எழுதிக்கொண்டாள்.

"என் பொண்ணு அராபாவுக்கு ஒன்பது வயசு முடியப்போகுது," என்றார் அவர் எழுந்திருக்கும்போது. "பிறந்தநாளுக்கு வந்துடுவேன்னு போன வருஷமும் சொன்னேன். எத்தனை நாளாகும், மேடம்?"

"பரிசீலனையில இருக்கு," என்றாள். இந்தப் பதில் எங்கிருந்து தன் வாய்க்கு வந்தது என்று ரயிலில் திரும்பும் வழியெல்லாம் யோசித்தாள்.

அந்த வாரமே டிம் என்ற சொல்லை எழுதி, கீழே தன் முத்திரையைக் குத்திச் சுற்றுக்கு விட்டாள். கோப்பு பத்தொன்பது நாள் சுற்றிவிட்டு, ஒருவர் முத்திரைகூட இல்லாமல் அவள் மேசைக்கே திரும்பி வந்தது.

"சொல்லு பிடிக்கலையா?" என்று கேட்டாள்.

"சொல்லை இன்னும் யாரும் படிக்கல," என்றார் அகுட்ஸு. அவருக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும், வழக்கத்தைவிட அதிகமாகக் குனிந்தார். "உங்க சீல் நேரா நிக்குது, நிஷிவாகி சான்."

"சீல் நேராத்தானே குத்தணும்?"

"மேலதிகாரியோட சீல் எந்தப் பக்கம் வரப்போகுதோ, அந்தப் பக்கம் சாய்ச்சுக் குத்தணும். வணக்கம் சொல்ற மாதிரி. நேரா குத்தினா, எல்லார் முன்னாடியும் விறைச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி ஆயிடும். உங்களுக்குப் பக்கத்துல எப்படிங்க அவங்க குத்துவாங்க?" அவர் இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கோணமானியை எடுத்து அவளுக்குக் கொடுத்தார். "செயலருக்குப் பதினஞ்சு டிகிரி. உறுப்பினருக்கு முப்பது. தலைவருக்கு நாற்பத்தஞ்சு. பழகிடும்."

"அதுக்கு மேலயும் சாய்ச்சுட்டா?"

"சாயலாம், தப்பில்ல. முழுசா தலைகீழாத்தான் போயிடக் கூடாது. தலைகீழ்னா எதிர்க்கிறேன்னு அர்த்தம். ஃபைல் அங்கேயே நின்னுடும், அப்புறம் அதை யாராலயும் நகர்த்த முடியாது." அவர் குரலைத் தாழ்த்தினார். "இங்க ஒரே ஒருத்தர்தான் அப்படிக் குத்தியிருக்காரு. மூக்குக்கண்ணாடி போட்டவர்."

ஃபுமியேவுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மனிதன் கண்ணாடிக்குப் பின்னால் பத்தொன்பது நாள் அதிகமாக உட்கார்ந்திருக்கிறான், காரணம் கோணமானி. கையால் வாயைப் பொத்தியும் சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் நீர் வந்தது. அகுட்ஸு பொறுமையாகக் காத்திருந்தார். சிரித்து முடித்ததும் தன் குறிப்பேட்டில் தேதியையும் நேரத்தையும் எழுதிக்கொண்டார்.

"எதுக்கு எழுதுறீங்க?"

"உங்க நலனுக்குத்தான்."

மழைக்காலம் முடிந்து, புழுக்கம் ஆளைக் கொல்கிற ஆகஸ்டில் இரண்டாவது கூட்டம் கூடியது. இந்த முறை பதினைந்து டிகிரி சாய்ந்த முத்திரையோடு கோப்பு ஒழுங்காக மேசை ஏறியது. டிம் என்ற சொல்லைத் தலைவர் வாய்க்குள் உருட்டிப் பார்த்தார். "நல்லா இருக்கே. லண்டன்ல நான் இருந்த அறையில விளக்கு இப்படித்தான் எரியும்." அறையே மலர்ந்தது. போலீஸ் தரப்பு, நீதித் தரப்பு, தொழில் தரப்பு எல்லோரும் முத்திரையை உறையிலிருந்து வெளியே எடுத்துவிட்டார்கள். ஃபுமியே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எந்த அகராதியில எடுத்தீங்க?" என்று தலைவர் கேட்டார்.

பதினேழு வருடம் நீதிமன்றத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லிச் சொல்லி ஊறிப்போன வாய். அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது. "அகராதி இல்ல, சென்செய். அவரே சொன்னது. குவான்சா."

முத்திரைகள் திரும்ப உறைக்குள் போயின.

"நோயாளியா?" என்றார் தலைவர். கோபமே இல்லை அவர் குரலில். "நிஷிவாகி சான், கொஞ்சம் யோசிங்க. தன் நிலைமையை இவ்வளவு சரியாச் சொல்லத் தெரிஞ்சவன் அந்த நிலைமையில இருக்க முடியாது. இது மருத்துவம். அந்த நிலைமையில இருக்கிறவன் சொன்னா, அது சரியா இருக்க முடியாது. இதுவும் மருத்துவம்."

"அப்போ யார்தான் சொல்றது, சென்செய்?"

"நாங்க."

"அப்படின்னா அவருக்கு மனசு முழுசா இருந்திருக்கு," என்றார் போலீஸ் தரப்புக்காரர். முத்திரையைவிட இது அவருக்கு வசதியாக இருந்தது. "முழு மனசோட அடிச்சிருக்காரு. முழுத் தண்டனை."

"அதுக்கும் அவசரம் வேண்டாம்," என்றார் தலைவர். "டாக்டரை மறுபடியும் அனுப்பிப் பார்ப்போம். திரும்பவும் இதே மாதிரித் தெளிவாப் பேசினார்னா, ரிப்போர்ட்டை மாத்திடலாம்."

ஃபுமியே எழுந்து நின்றாள். கதவோர நாற்காலிக்காரர் எழுந்து நின்ற வரலாறு அந்த அறைக்கு இல்லை. "அஞ்சு நாள் தூங்காதவர் வேற, ஒரு வருஷம் உள்ள இருந்து யோசிச்சுச் சொல்றவர் வேற. இன்னிக்குத் தெளிவா இருக்காருங்கிறதுக்காக அன்னிக்கும் தெளிவா இருந்தாருன்னு எப்படிச் சொல்றீங்க? ஒரு சின்னப் பொண்ணு அங்க காத்துக்கிட்டு இருக்கா." குரல் உயர்ந்துவிட்டது அவளுக்கே தெரிந்தது. பதினொரு பேரும் அவளைப் பார்க்காமல் தேநீர்க் கிண்ணத்தைப் பார்த்தார்கள். அகுட்ஸுவின் பேனா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மாலையில் அவள் மேசையில் ஒரு படிவம் இருந்தது. ஐம்பத்தேழு கேள்விகள். சமீபத்தில் உங்களுக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வந்ததா? நீங்கள் சொல்வது பிறருக்குப் புரியவில்லை என்று தோன்றுகிறதா? ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப நினைக்கிறீர்களா? ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப நினைக்கத்தான் அவளுக்கு வேலையே கொடுத்திருந்தார்கள். ஆமாம் என்று குறித்தாள். பொய் சொல்லத் தெரியாத கை.

டாக்டர் போவதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்று மறுநாள் காலையிலேயே ஓடினாள். அன்று பின்னால் உட்கார்ந்திருந்த காவலருக்கு ஆங்கிலம் தெரியாது.

"குவான்சா சார், நான் சொல்றதைக் கேளுங்க. டாக்டர் வருவாரு. அவர்கிட்ட அந்தப் பல்பு விஷயத்தைச் சொல்லாதீங்க. எதையுமே அழகாச் சொல்லாதீங்க. முடிஞ்சா பேசவே பேசாதீங்க."

"நான் வாத்தியார், மேடம். கேட்டா பதில் சொல்லித்தான் பழக்கம்."

"நல்லாப் பேசினா முழுத் தண்டனை. அராபாவை நினைச்சுக்குங்க. நான் வந்து சொல்ற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. எனக்கு வாக்குக் கொடுங்க."

"படிச்சவங்க ஊரு, பேசினா தண்டனையா?" என்றார். பிறகு கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். "சரி மேடம். வாக்கு."

அவர் அந்த வாக்கைக் காப்பாற்றினார். அதுதான் வினையாகப் போயிற்று. டாக்டர் ஆகஸ்டில் ஒரு தடவை வந்தார், செப்டம்பரில் இரண்டு தடவை வந்தார். பெயர் கேட்டார், ஊர் கேட்டார், மகள் பெயர் கேட்டார். எபோ குவான்சா முதுகை நேராக வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். ஃபுமியேவின் மூன்று மாத வேலையையும் நீட்டியிருந்தார்கள். நவம்பரில் அகுட்ஸு ஒரு புதுக் கோப்போடு வந்தார். அன்றுதான் அவர் முகத்தில் முதன்முதலாகச் சிரிப்பைப் பார்த்தாள்.

"நல்ல செய்தி, நிஷிவாகி சான். நம்ம சிக்கல் தானா தீர்ந்துடுச்சு. அந்த ஆளுக்கு இப்போ மனசே இல்லையாம். டாக்டர் எழுதிட்டாரு. மனமற்றவர்னா ஆங்கிலம் ரெடியா இருக்கு பாருங்க, பதினோரு வருஷமா. நீங்க சீல் குத்தினா இன்னிக்கே அனுப்பிடலாம்."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்குத்தான்."

"எத்தனை நாளைக்கு?"

"அதுக்கெல்லாம் நாள் கிடையாதே," என்றார் அவர் உண்மையான ஆச்சரியத்தோடு.

ஃபுமியே கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள். பேசுங்கள், இனிமேல் பேசலாம், வாய் ஓயாமல் பேசுங்கள் என்று சொல்லத்தான் ஓடினாள். காவல் விடுதி வாசலில் தடுத்துவிட்டார்கள். உங்களைச் சந்திக்கச் சம்மதம் என்று கைதி தன் வாயால் சொல்ல வேண்டும் என்றார்கள். இவர்தான் சொல்கிற நிலையில் இல்லையே என்றும் அவர்களே சொன்னார்கள். அவள் வாசலுக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதாள். என் வாயால் ஒரு மனிதனை உயிரோடு புதைத்துவிட்டேன் என்று அவளுக்குத் தோன்றியது. மூன்று பஸ் வந்து போயிற்று.

திரும்பும்போது அழுகை நின்றிருந்தது. தலைவர் யாரிடம் கேட்டோம் என்பதை மறந்து, வார்த்தையை மட்டும் வைத்துக்கொள்கிறவர் என்பது அவள் நினைவுக்கு வந்தது. தலைவர் சொன்னால் தாமதமில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. முதல் அறிக்கையில் வெற்றிடம் இன்னும் வெற்றிடமாகத்தான் இருந்தது. அதை நிரப்பத் தேவை ஒரே ஓர் ஆள். தலைவர் முன்னால் உட்கார்ந்து, வாயே திறக்காமல், தேய்ந்துபோனவராகத் தெரிகிற ஓர் ஆள். அப்படி யாரைப் பிடிப்பது என்று அவள் அதிக தூரம் தேடவில்லை. ஃபுமியேவுக்குப் பயமாக இருந்தது.

மேசையில் உட்கார்ந்து புதுக் கோப்பைத் திறந்தாள். முத்திரையை மையில் ஒற்றினாள். கோணமானியை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, தன் பெயரைத் தலைகீழாகக் குத்தினாள்.

அகுட்ஸு கோப்பை வாங்கிப் பார்த்தார். ஒரு முறை காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். காகிதத்தைத் திருப்பினால் மற்ற எழுத்தெல்லாம் தலைகீழானது. "நிஷிவாகி சான்," என்றார். முதன்முறையாகக் குனியாமல் நிமிர்ந்து நின்று அவள் முகத்தைப் பார்த்தார்.

அவசரக் கூட்டம் மறுநாளே கூடியது. மேசைகளுக்கு நடுவில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். சிரிப்பின் தேதி, எழுந்து நின்ற நேரம், ஐம்பத்தேழு கேள்விகளில் நாற்பத்தொன்றுக்கு ஆமாம், தலைகீழ் முத்திரை எல்லாவற்றையும் அகுட்ஸு வாசித்தார். உங்கள் தரப்பில் ஏதாவது சொல்கிறீர்களா என்று கேட்டார்கள். அவள் உள்ளங்கைகளை முழங்கால்மேல் வைத்து, முதுகை நேராக வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். எப்படி உட்கார வேண்டும் என்று அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்துப் பழகியிருந்தாள்.

தலைவர் எழுந்து வந்தார். சட்டைப் பையிலிருந்து பேனா விளக்கை எடுத்து அவள் ஒரு கண்ணில் அடித்தார், மறு கண்ணில் அடித்தார். அவருடைய வாயில் பச்சைத் தேநீர் வாசனை வந்தது.

"மனசு போயிடலை," என்றார். "உள்ள விளக்கு எரியுது. ஆனா முழுசாவும் எரியல." அவர் தேடினார். ஃபுமியே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லுங்கள் சென்செய், சொல்லிவிடுங்கள் என்று உள்ளுக்குள் மன்றாடினாள். தலைவர் முகம் மெல்ல மலர்ந்தது. "டிம். ஆமா, டிம்மா எரியுது. அகுட்ஸு, எழுதிக்க. இதுதான் அந்தச் சொல்லு."

"அடேயப்பா," என்றார் போலீஸ் தரப்புக்காரர். "இந்தக் கோணத்துல நாங்க யோசிச்சதே இல்லை, சென்செய்."

"பதினோரு வருஷம் தேடினோம்," என்றார் தலைவர். பேனா விளக்கை அணைத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "கண்ணு முன்னாடி ஒருத்தர் வந்து உட்கார வேண்டியிருந்தது, பாத்தீங்களா."

பன்னிரண்டு நிமிடத்தில் பதினொரு முத்திரைகளும் விழுந்தன. ஒவ்வொன்றும் அடுத்ததைப் பார்த்து அழகாகச் சாய்ந்திருந்தது. கைத்தட்டல் முடிந்ததும் பெந்தோ வந்தது. ஃபுமியேவுக்கும் ஒன்று கொடுத்தார்கள். வெள்ளைச் சோற்றுக்கு நடுவில் சிவப்புப் பழம். அவள் மூடியைத் திரும்ப மூடி வைத்தாள்.

டிசம்பர் நடுவில், காலை பத்து மணிக்கு, கீழே வண்டி காத்திருந்தது. அகுட்ஸு ஓய்வில்லத்துக்கான சம்மதப் படிவத்தை அவள் முன்னால் வைத்தார். அறையில் அவர்கள் இரண்டு பேர்தான்.

"குவான்சா?" என்று கேட்டாள். மூன்று வாரத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை.

"போன வெள்ளிக்கிழமையே ஊருக்கு அனுப்பியாச்சு. சொல்லு கிடைச்சதும் பழைய ரிப்போர்ட் முழுசாயிடுச்சு இல்லையா. புதுசுதான் உங்க சீலால நின்னுபோச்சே. கோர்ட்ல ஒரே நாள்ல முடிஞ்சிடுச்சு." அவர் குறிப்பேட்டைப் புரட்டினார். "ஆனா ஒண்ணு. விமானம் ஏறுற வரைக்கும் வாயே திறக்கலையாம். ஏன்னு கேட்டதுக்குக் காகிதத்துல எழுதிக் காட்டினாராம். ஒரு அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன், அவங்க வந்து சொல்லணும்னு."

"அதை யார்கிட்டயும் சொல்லலையா நீங்க?"

"ரிப்போர்ட் அதுக்கு முன்னாடியே முடிஞ்சிடுச்சே."

ஃபுமியே ஜன்னலைப் பார்த்தாள். ஒன்பது வயது முடிந்த பெண் ஒருத்தி விமான நிலையத்தில் அப்பா அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். பதில் சொல்லத்தான் பழகிய மனிதர். பேசுங்கள் என்று அங்கே போய் யார் சொல்வது?

"ஒரு கடுதாசி எழுதணும்," என்றாள்.

"ஓய்வுல இருக்கிறவங்க எழுதுறதை நாங்க படிச்சுப் பார்த்துத்தான் அனுப்பணும். தெளிவா எழுதினா, ஏன் ஓய்வுன்னு கேள்வி வரும். தெளிவில்லாம எழுதினா அவருக்குப் புரியாது." அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "இங்க சீல் குத்திடுங்க. கொஞ்சம் சாய்ச்சு."

அவள் முத்திரையை எடுத்து, மையில் ஒற்றி, தன் பெயரை நேராகக் குத்தினாள். அகுட்ஸு பார்த்தார். பரவாயில்லை, இந்த நிலைமையில் இது சகஜம்தான் என்று சொல்லி, குறிப்பேட்டில் தேதியும் நேரமும் எழுதினார். பிறகு இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார். அவள் முத்திரையை அந்தக் கைகளில் வைத்தாள். அவர் அதைத் துணியால் துடைத்து, இழுப்பறையைத் திறந்து, மற்ற நான்குக்கும் பக்கத்தில் வைத்தார்.

"எத்தனை நாளாகும்?" என்று கேட்டாள் ஃபுமியே.

"பரிசீலனையில இருக்கு," என்று குனிந்துகொண்டே சொல்லி, அவர் இழுப்பறையை மூடினார்.